வரைபடம் கடைசியில் வந்தது

சுவிட்சர்லாந்தின் யுவெர்டோன் கோட்டையில் 1805ஆம் ஆண்டு பெஸ்டலோட்சி என்னும் கல்வியாளர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். எட்டு வயதில் அங்கே சேர்ந்த லூயி வுலியெமான் பிற்காலத்தில் வரலாற்று அறிஞரானார். தமக்குப் புவியியல் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதை அவர் முதுமையில் நினைவுகூர்ந்து எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளை முதலில் ஊருக்கு அருகில் ப்யூரோன் ஆறு ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றார்கள். அதை முழுதாக ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு பகுதியாக, அந்த இடம் மனத்தில் தெளிவாகப் பதியும்வரை பார்க்க வைத்தார்கள். அதன் பின் அங்கே படிந்திருந்த களிமண்ணை, கையோடு கொண்டுபோன கூடைகளில் நிரப்பிக்கொள்ளச் சொன்னார்கள். பள்ளிக்குத் திரும்பியதும் நீண்ட மேசைகளின் மேல் அந்தக் களிமண்ணைக் கொட்டி, பார்த்த பள்ளத்தாக்கை மேடும் பள்ளமுமாக உருவாக்கினார்கள். அடுத்தடுத்த நாள்களில் இன்னும் உயரமான இடங்களுக்குச் சென்று பார்த்தார்கள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் மேசை மேலிருந்த நிலம் விரிந்துகொண்டே போனது. அந்த வேலை முடிந்த பிறகுதான் அவர்களுக்கு வரைபடத்தைக் காட்டினார்கள். புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்த பிறகே வரைபடத்தைக் கண்டோம் என்கிறார் வுலியெமான்.

தொடக்கப் பள்ளிக் களப்பயணங்களைப் பற்றியும் செயல்வழிக் கற்றலைப் பற்றியும் எத்தனையோ எழுதப்பட்டிருக்கிறது. இருந்தும் எனக்குத் தேவையானதில் பெரும்பகுதி இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடங்கிவிடுகிறது. இங்கே பயணம் தனி நிகழ்ச்சியாக நிற்கவில்லை. போவது, பார்ப்பது, எடுத்து வருவது, கையால் செய்வது, மறுபடியும் போவது, கடைசியில் புத்தகத்தைத் திறப்பது எல்லாம் ஒரே பாடத்தின் படிகள். இன்றைய பள்ளிகள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. பாடம் முதலில் முடிகிறது. தேர்வும் முடிகிறது. ஆண்டின் கடைசி வாரத்தில், முடித்ததற்குப் பரிசாக ஒரு பேருந்து வந்து நிற்கிறது. பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் போய் வருகிறார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை; குழந்தைகள் ஒன்றாக மகிழ்வது பள்ளியின் வேலைகளில் ஒன்றுதான். ஆனால் அன்று பார்த்தவற்றைத் தொட்டுப் பேச அடுத்த நாள் பாடவேளை எதுவும் மிச்சமில்லை என்றால், ஒரு முழு நாளின் உழைப்பில் பாதி வீணாகிறது.

வரிசை ஏன் முக்கியம்? ஆறு முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகளின் சிந்தனை கண்ணெதிரே உள்ள பொருள்களைப் பற்றிக்கொண்டே வளர்கிறது என்பதை சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே விரிவாக எடுத்துக்காட்டினார். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் இதையே கற்பித்தலுக்கு ஏற்ற முறையில் மூன்று வழிகளாகப் பிரித்தார். ஒன்றைச் செய்கையால் அறிவது முதல் வழி, படத்தால் அறிவது இரண்டாவது, சொல்லாலும் குறியீட்டாலும் அறிவது மூன்றாவது. களிமண் மலை முதல் வழியைச் சேர்ந்தது. மேலிருந்து பார்த்து வரைந்த படம் இரண்டாவது. கோடுகளும் எண்களும் நிறைந்த வரைபடம் மூன்றாவது. மலையைத் தடவிப் பார்த்த பிள்ளைக்கு, வரைபடத்தில் நெருங்கி நிற்கும் சம உயரக் கோடுகள் செங்குத்தான சரிவைக் குறிக்கின்றன என்று சொன்னால் புரியும். தடவாத பிள்ளையும் அதை மனப்பாடம் செய்து எழுதிவிடும். வேறொரு வரைபடத்தை நீட்டி, எந்தப் பக்கம் ஏறினால் மூச்சு வாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். இருவரில் யார் புரிந்துகொண்டார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

கை அறிவதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு செயல் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லால் கடத்த முடியாது. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கம்பளி, பருத்தி, ஆளிச்செடி இழைகளைக் கையில் கொடுத்தார்கள். ஒரு குழு பருத்திக் காயிலிருந்தும் விதையிலிருந்தும் பஞ்சைப் பிரிக்க அரை மணி நேரம் பாடுபட்டது. கிடைத்தது ஒரு அவுன்சுக்கும் குறைவு. ஏறத்தாழ இருபத்தெட்டு கிராம்கூட இல்லை. கம்பளித் தொழில் முன்னேறிய காலத்தில் பருத்தித் தொழில் பின்தங்கியிருந்தது ஏன், விதையைப் பிரிக்கும் இயந்திரம் வந்ததும் எல்லாம் மாறியது ஏன் என்ற கேள்விகளுக்கு அந்தப் பிள்ளைகளின் வலித்த விரல்களே பாதிப் பதிலைச் சொல்லியிருக்கும். இழையின் நீளத்தையும் சொரசொரப்பையும் ஒப்பிட்டு, நூற்பதற்கு எது எளிது என்றும் அவர்கள் ஆராய்ந்தார்கள். தொழில் வரலாறு, பொருளியல், இழைகளின் அறிவியல் மூன்றும் ஒரு பிடிப் பஞ்சிலிருந்து கிளம்பின. அந்த அரை மணி நேரம் முழுக்கப் பிள்ளைகளின் கை எதைச் செய்ததோ அதைப் பற்றித்தான் பாடமும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். செயல்வழிக் கற்றல் வெல்வதும் தோற்பதும் இந்த இடத்தில்தான்.

தோற்பதற்கும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் சொல்லும் நிகழ்ச்சி இது. அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய இரகசிய வழிகளைப் பற்றிய பாடத்துக்காக, தப்பியவர்கள் உண்ட எளிய ரொட்டி வகையைப் பிள்ளைகளைக் கொண்டே செய்ய வைத்தார் ஓர் ஆசிரியர். கலகலப்பான வகுப்பு. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகளின் மனம் எதை நினைத்தது? மாவு எத்தனை கரண்டி, பால் எவ்வளவு என்பதைத்தான். தப்பி ஓடியவரின் அச்சம், அவருக்கு உதவியவர் ஏற்ற ஆபத்து ஆகியவற்றை நினைக்கச் சில நொடிகள் மட்டுமே கிடைத்திருக்கும். எதை யோசிக்கிறோமோ அதுவே நினைவில் தங்குகிறது என்பது வில்லிங்ஹாமின் வாதம். டூயியின் பள்ளியிலும் இந்த வகுப்பிலும் கைகள் சம அளவு சுறுசுறுப்பாகத்தான் இருந்தன. முதல் வகுப்பில் கை செய்ததும் மனம் யோசித்ததும் ஒன்றாக இருந்தன, இரண்டாவதில் பிரிந்துவிட்டன.

எந்தச் செயல்பாட்டையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். எரிமலை மாதிரி செய்து, சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்க வைப்பது எல்லாப் பள்ளிகளிலும் நடக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் எரிமலை அப்படி வெடிப்பதில்லை. அங்கே பாறைக் குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்கள் அழுத்தம் குறையும்போது குமிழிகளாக வெளியேறுகின்றன. அமிலமும் காரமும் கலப்பதில்லை. குலுக்கிய சோடா பாட்டிலை மெல்லத் திறந்து காட்டினால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். அதற்குக் காகிதக் கூழும் வண்ணமும் நான்கு பாடவேளைகளும் தேவையில்லை. ஒட்டவும் வெட்டவும் வண்ணம் பூசவும் போகும் நேரம் கைத்திறன் பாடமாக இருந்தால் நல்ல நேரம். அறிவியல் பாடத்தின் கணக்கில் அதை எழுதினால், அறிவியலுக்குக் கிடைத்தது கடைசி ஐந்து நிமிடம் மட்டுமே.

ஒரே பொருளை மையமாக வைத்து மொழி, கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கற்பிக்கும் முறைக்கும் இதே ஏற்ற இறக்கம் நேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல், பிள்ளைகள் தாமே ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்து கற்கும் செயல்திட்ட முறையை முன்வைத்து எழுதிய கட்டுரை பெரும் வரவேற்பைப் பெற்றது. இங்கிலாந்தில் 1967இல் வெளியான தொடக்கக் கல்வி பற்றிய ‘ப்ளௌடன்’ அறிக்கை குழந்தையைக் கல்வியின் நடுவில் நிறுத்தி, பாட எல்லைகளைத் தளர்த்தும் முறைகளை ஊக்குவித்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1992இல், அதே நாட்டின் அரசு கேட்டு வாங்கிய இன்னோர் அறிக்கை, பொருள் சார்ந்த கற்பித்தல் பல வகுப்புகளில் ஆழமில்லாத துண்டு துணுக்குகளாகச் சிதறிவிட்டது என்று கடிந்துகொண்டது. ‘நீர்’ என்று ஒரு தலைப்பு. மொழிக்கு நீரைப் பற்றிய கவிதை, கணக்குக்குக் குடத்தின் கொள்ளளவு, ஓவியத்துக்கு நீல வண்ணம், வரலாற்றுக்குக் கப்பல். ஒன்றுக்கொன்று தொடர்பு அந்தச் சொல் மட்டும்தான். இதனால் தலைப்பு முறையே தவறு என்று சிலர் முடிவு கட்டினார்கள். நான் அதை ஏற்கவில்லை. தலைப்பு கேள்வியாக இருக்க வேண்டும். ‘நீர்’ என்பது சொல். ‘குழாயில் வரும் நீர் அதற்கு முன் எங்கே இருந்தது?’ என்பது கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகும்போது, கப்பலும் நீல வண்ணமும் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன; அளவுகளும் வரைபடமும் சுத்திகரிப்பு நிலையமும் தாமாகவே வந்து சேர்கின்றன.

குழந்தைகளைத் தாமாகவே கண்டுபிடிக்க விட்டுவிட வேண்டும் என்ற எல்லை மீறிய நம்பிக்கையும் அடி வாங்கியிருக்கிறது. உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் 2004இலும், கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இலும் எழுதிய கட்டுரைகள், வழிகாட்டல் இல்லாத கண்டுபிடிப்பு முறை புதிதாகக் கற்பவருக்குப் பயன் தருவதில்லை என்று வலுவாக வாதிட்டன. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தக்கூடியவை மிகச் சிலவே. எதைப் பார்ப்பது என்றே தெரியாத பிள்ளைக்கு அந்தச் சிறு இடமும் தேடலிலேயே நிரம்பிவிடும். பெஸ்டலோட்சியின் பிள்ளைகளை யாரும் பள்ளத்தாக்கில் அவிழ்த்து விட்டுவிடவில்லை. முதலில் முழுமை, பிறகு பகுதி, பிறகு கூடை என்று ஒவ்வொரு படியிலும் ஆசிரியரின் கை இருந்தது.

இனி பயணத்துக்கே வருவோம். புதிய இடத்தில் குழந்தை முதலில் கற்பது அந்த இடத்தைத்தான். ஜான் ஃபாக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. காட்டுப்பகுதி பழக்கமான பிள்ளைகள் அங்கே நடந்த செயல்பாட்டிலிருந்து பாடத்தைக் கற்றார்கள். பழக்கமில்லாத பிள்ளைகளின் கவனத்தை அந்தச் சூழலே ஈர்த்துக்கொண்டது. இதைக் கட்டுப்பாடின்மை என்று சொல்வது அநியாயம். எந்த உயிரும் அறியாத இடத்தில் முதலில் சுற்றுமுற்றும் பார்க்கும், குழந்தையும் அப்படித்தான். நீர் ஓரியனும் அவி ஹாஃப்ஸ்டைனும் 1994இல் இந்தப் புதுமையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். பாடப் பொருள் புதிது, இடம் புதிது, நாள் எப்படிப் போகும் என்ற மனநிலை புதிது. மூன்றையும் முன்கூட்டியே குறைத்து வைத்தால், களத்தில் பாடத்துக்கு இடம் கிடைக்கும்.

மூன்றாவதைத்தான் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. வாஷிங்டனில் உள்ள தேசிய விலங்குக் காட்சிசாலைக்குச் சென்ற பிள்ளைகளிடம் 1980 வாக்கில் ஒரு சோதனை நடந்தது. சில குழுக்களுக்கு விலங்குகளைப் பற்றிய பாடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு குழுவிடம் எந்தப் பேருந்தில் போவோம், எங்கே சாப்பிடுவோம், என்னவெல்லாம் பார்க்கலாம், கடை இருக்கிறதா என்று பிள்ளைகளின் மனத்தில் ஓடும் கேள்விகளுக்கு விடை சொன்னார்கள். இந்தக் குழுவே நன்றாகக் கற்று வந்தது. சாப்பாடு எப்போது என்ற கவலை தீர்ந்தால்தான் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பற்றி யோசிக்க மனம் வரும். தாயோ தந்தையோ ஆன எவருக்கும் இது தெரியும். ஆகவே பயணத்துக்கு முந்தைய நாள் கரும்பலகையில் பாதையை வரைந்து, கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு உணவு, தொலைந்துபோனால் எங்கே நிற்பது, யாரிடம் பேசுவது என்று சொல்லிவிடுவது நிர்வாக அறிவிப்பு மட்டும் ஆகாது. அது பாடத்தின் முதல் படி. இதற்காக ஆசிரியர் அந்த இடத்துக்கு ஒருமுறை தனியாகப் போய் வந்திருக்க வேண்டும். போகாமல் அழைத்துச் செல்லும் ஆசிரியர், பிள்ளைகளோடு சேர்ந்து தாமும் இடத்தைத்தான் கற்றுக்கொண்டிருப்பார்.

முறையாகச் செய்தால் ஒரு மணி நேரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலைக்கூடம் திறந்தது. வர விரும்பிய பள்ளிகள் ஏராளம். எல்லாரையும் உடனே அழைக்க முடியாததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். இதனால் போய் வந்தவர்களையும் போகாமல் காத்திருந்தவர்களையும் நேர்மையாக ஒப்பிட ஆய்வாளர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 மாணவர்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் ஐந்து ஓவியங்களை மட்டும் பார்த்து, அவற்றைப் பற்றிப் பேசினார்கள். ஐந்தே ஐந்து, ஐம்பது இல்லை. அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரைக்கு மாற்றாக மேப்பிள் பாகு காய்ச்சும் காட்சி ஓர் ஓவியத்தில் இருந்தது. அதைப் பார்த்த மாணவர்களில் 88 சதவீதத்தினர் சில வாரங்களுக்குப் பிறகும் அதன் பின்னணியைச் சரியாகச் சொன்னார்கள். தேர்வு வரும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது இன்னொரு முடிவு: கிராமப்புறப் பள்ளிகளிலிருந்தும் வறுமை மிகுந்த பள்ளிகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் அடைந்த பயன் மற்றவர்களைவிடக் கணிசமாகப் பெரிதாக இருந்தது. வீட்டாரோடு இத்தகைய இடங்களுக்குப் போக வாய்ப்பில்லாத பிள்ளைக்குப் பள்ளிப் பயணம்தான் ஒரே கதவு.

அந்தக் கதவை அடைக்கும் விதமாகப் பல பள்ளிகள் நடந்துகொள்வதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கட்டணம் கட்டியவர்கள் பேருந்தில் ஏறுவார்கள்; கட்டாதவர்கள் அன்று வேறு வகுப்பில் உட்காருவார்கள் என்றால், யாருக்கு அதிகம் தேவையோ அவர்களையே விட்டுவிட்டுப் போகிறோம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும், இரைச்சலும் கூட்டமும் தாங்காத பிள்ளைக்கும் இது பொருந்தும். ‘அவனை அன்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பெற்றோரிடம் சொல்வதற்கு முன்னால், அவனும் வரக்கூடிய வேறோர் இடம் ஏன் நம் மனத்தில் தோன்றவில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பு முழுவதும் போக முடியாத இடம் வகுப்புக்கான இடம் ஆகாது. தொலைவுக்கும் கற்றலின் அளவுக்கும் தொடர்பு இல்லை என்பதால் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு எளிதுதான். பள்ளியிலிருந்து நூறு அடி தள்ளி நிற்கும் மரம் களம். அஞ்சல் நிலையம் களம். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும் மனையின் வேலி ஓரமும் களம்தான்.

கையில் கொடுக்கும் பணித்தாளைப் பற்றியும் ஒரு சொல். அருங்காட்சியகத்தில் இருபது கேள்விகள் அச்சிட்ட தாளோடு ஓடும் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை. பொருளின் கீழே ஒட்டியிருக்கும் குறிப்பில் விடை இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டு அதை மட்டும் எழுதிக்கொண்டு நகர்கிறார்கள். ஒருவர் எழுதியதை ஐந்து பேர் பார்த்து எழுதுகிறார்கள். அந்தத் தாளை வகுப்பிலேயே நிரப்பியிருக்கலாம். மாறாக, ஒரு வெற்றுத் தாளும் பென்சிலும் கொடுத்து, ஒரே ஒரு பொருளின் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து வரையச் சொன்னால், குறிப்பில் இல்லாதவை கண்ணில் படும். பானையின் கழுத்தில் கயிறு உரசிய தடம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கரி படிந்திருக்கும். கைப்பிடி தேய்ந்திருக்கும். ‘ஏன் ஒரு பக்கம் மட்டும் கருப்பாக இருக்கிறது?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய பயணத்தின் செலவு மீண்டுவிட்டது.

தொடக்கப் பள்ளியில் எங்கும் செய்யக்கூடிய ஒரு பாடத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கேள்வி: ‘மழை பெய்ததும் மைதானத்தில் நீர் தேங்குகிறது, மரத்தடியில் தேங்குவதில்லை. ஏன்?’ முதல் நாள் பிள்ளைகள் தங்கள் ஊகத்தைச் சொல்ல, ஆசிரியர் எல்லாவற்றையும் திருத்தாமல் பலகையில் எழுதி வைக்கிறார். மரம் நீரைக் குடித்துவிடுகிறது, இலை மழையைத் தடுக்கிறது, மைதானம் பள்ளமாக இருக்கிறது என்று எதுவும் வரலாம். அடுத்த நாள் வெளியே போகிறார்கள். இருபுறமும் திறந்த, விளிம்பு மழுக்கிய தகர டப்பாவை மண்ணில் ஒரு விரல் ஆழம் அழுத்தி, ஒரு குவளை நீர் ஊற்றி, அது உள்ளே இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்கிறார்கள். மைதானத்தில் ஓரிடம், மரத்தடியில் ஓரிடம். ஒன்றில் நீர் சட்டென்று இறங்கிவிடும். மற்றதில் பிள்ளைகள் பொறுமை இழக்கும்வரை அப்படியே நிற்கும். இரண்டு இடத்திலும் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் பிசைந்து பார்க்கிறார்கள். மரத்தடி மண்ணில் மக்கிய இலை, வேர் நார், மண்புழு. மைதான மண் கட்டி கட்டியாக உடையும். மரம் குடித்துவிட்டது என்று சொன்ன பிள்ளைக்கு, டப்பாவில் இருந்த நீர் கண்ணெதிரே மண்ணுக்குள் போனதைப் பார்த்த பிறகு தன் ஊகத்தை மாற்றிக்கொள்ள யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் காற்றுக்கும் நீருக்கும் இடைவெளி இல்லை. மண்புழு துளைத்த மண்ணில் இருக்கிறது. ஆசிரியர் இதை இப்போது சொல்லலாம். இப்போதுதான் சொல்ல வேண்டும்.

எடுத்து வந்த மண்ணுக்கு வகுப்பில் வேலை மீதி இருக்கிறது. நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர். மூடி நன்றாகக் குலுக்கி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டால், மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும். வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும். களி ஒரு நாளோ அதற்கு மேலோ நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மக்கிய தழைத் துண்டுகள் மேலே மிதக்கும். ஒவ்வொரு காலையும் அடிக்கோலால் அடுக்குகளின் உயரத்தை அளந்து குறித்தால் கணக்குப் பாடத்துக்கான பட்டை வரைபடம் ஐந்து நாளில் தயார். கனமான துகள் முதலில் இறங்குகிறது, நுண்ணிய துகள் கடைசியில் இறங்குகிறது என்று பிள்ளைகளே எழுதுவார்கள். ஆறு மலையடிவாரத்தில் கல்லை விட்டுவிட்டுச் சமவெளிக்கு வண்டலை மட்டும் கொண்டுவருவது ஏன் என்ற அடுத்த பாடத்துக்கு அந்தப் புட்டி ஏற்கெனவே விடை வைத்திருக்கிறது.

திரும்பி வந்த பின் எழுதச் சொல்வதிலும் கவனம் வேண்டும். ‘எங்கள் சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், காலையில் கிளம்பினோம், மாலையில் திரும்பினோம் என்ற இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே எல்லாப் பிள்ளைகளும் ஒரே பயணத்தை எழுதுவார்கள். பிரான்சின் பார்-சுர்-லூ என்ற கிராமத்தில் 1920களில் ஆசிரியராக இருந்த செலஸ்தான் ஃப்ரெனே இதற்கு நல்ல வழி கண்டார். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக் காயம் பட்டவர் அவர். நீண்ட நேரம் நின்று உரக்கப் பேச அவரால் முடியாது. பிள்ளைகளை வெளியே நடக்க அழைத்துச் சென்றார். திரும்பியதும் அவர்கள் கண்டதைச் சொல்ல, பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து திருத்தி, 1924 முதல் ஒரு சிறு அச்சு இயந்திரத்தில் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். அந்தத் தாள்களை வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. நெசவாளியின் தறியையோ ஆலிவ் அறுவடையையோ பார்த்தறியாத ஒரு வாசகர் எங்கோ இருக்கிறார் என்று தெரிந்தால், பிள்ளை தானாகவே துல்லியமாக எழுதும். இன்று அச்சு இயந்திரமே வேண்டாம். பக்கத்து வகுப்புக்கு, அந்த இடத்துக்கு வராத ஒருவருக்கு, கடிதமாக எழுதச் சொன்னாலே போதும்.

பயணம் எவ்வளவு காலம் நினைவில் நிற்கிறது என்று ஜான் ஃபாக்கும் லின் டியர்கிங்கும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 128 பேரிடம் கேட்டார்கள். பள்ளி மாணவர்களும் இருந்தார்கள், வளர்ந்தவர்களும் இருந்தார்கள். தொடக்கப் பள்ளியில் போன பயணம் ஒன்று ஏறத்தாழ எல்லாருக்கும் நினைவிருந்தது. அங்கே கண்டதில் ஏதேனும் ஒன்றையாவது பெரும்பாலோரால் சொல்ல முடிந்தது. வகுப்பறையில் கழிந்த ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நினைவில் நிற்கப்போவது உறுதியான ஒரு நாள் ஆசிரியரின் கையில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கிறது. அதை ஆண்டின் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், பாடம் தொடங்கி ஒரு வாரம் ஆனபின், பிள்ளைகளிடம் கேள்விகள் பழுத்திருக்கும்போது வைக்கலாம். கூடைகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போகலாம்.